முதல் நோயாளிக்கு நோய் இருக்கக் கூடாது

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: ஆஸ்பத்திரிக் குழுத் தலைவர் நல்லசிவம், செயலாளர் தங்கராசு, ரிக் முதலாளிகள் ஐந்து பேர், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஒரு நாயனம், ஒரு தவில், மல்லசமுத்திரத்திலிருந்து வந்த மைக் செட், டாக்டர் கயல்விழி, நர்ஸ் சரோஜா அக்கா, என் அம்மா, எட்டுப் பூனைகள், நான்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. அவர் வடக்கே மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டியோடு இருந்தார். இன்னொருவர் நோயாளி.

அப்பா வராததை அம்மா மட்டும் கவனித்தாள். நோயாளி வராததை யாருமே கவனிக்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எட்டுப் படுக்கைகளிலும் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. யாராவது உட்கார்ந்து கசக்கிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் தங்கராசு அண்ணன் ஒரு வாழைப்பழச் சீப்பை வைத்திருந்தார்.

பி.காம். முடித்துவிட்டு வேலைக்காக நான் சேலம் பஸ் ஏறி இறங்கிய கதையைப் போன வாரம் சொன்னேன். அந்த அலைச்சல் முடிந்தது இந்தக் கட்டடத்தில்தான். "நம்ம டிரில்லர் ராசு பையன், இங்கிலீசுப் படிவமெல்லாம் ரொப்புவான்" என்று நல்லசிவம் சொல்ல, குழு என்னை நிர்வாக அலுவலர் ஆக்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் அந்தப் பதவியின் பெயரை அம்மாவுக்கு மூன்று முறை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. "எல்லாஞ் செரி, கூட்டறது யாரு?" என்று கேட்டாள். நான்தான்.

வேலையில் சேர்ந்த அன்றே இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் பச்சை மையால் 'வரிசை எண் 1' என்று எழுதி வைத்தேன். அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுத நாங்கள் பட்ட பாடுதான் இந்த வாரக் கதை.

குடோனில் பிறந்த ஆஸ்பத்திரி

எங்கள் ஊர் ரிக் வண்டிகளின் ஊர். ரிக் என்றால் போர்வெல் போடும் பெரிய லாரி. வருடத்தில் பத்து மாதம் வண்டிகளும் ஆண்களும் வடநாட்டில் இருப்பார்கள். மழைக்காலத்தில் திரும்புவார்கள். ஊரில் எதையும் அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். சம்பளம் அடிக்கு இவ்வளவு, டீசல் அடிக்கு இவ்வளவு. பெண் பார்க்கப் போன இடத்திலும் மாப்பிள்ளை வீட்டு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை அடி போகும் என்றுதான் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. தலைவலி என்றாலும் திருச்செங்கோடு போக வேண்டும்.

நல்லசிவத்தின் மகளைப் பிரசவத்துக்குக் காரில் கூட்டிப்போன அன்று, வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று குடை சாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாதான் காருக்குள் ஏறிக் குழந்தையை வாங்கினார். தாயும் பிள்ளையும் நலம். பையனுக்கு நட்சத்திரம் பார்த்து நல்ல பெயர்தான் வைத்தார்கள். ஊரில் அவன் பெயர் கரும்பு.

"சீட்டு கவரு மாத்தப் பன்னண்டாயிரம் ஆச்சு. அந்தக் கடுப்புலதான் ஆசுபத்திரி கட்ட ரோசனை வந்துச்சு" என்பார் நல்லசிவம். அவர் அப்படித்தான் சொல்வார். அன்று அந்த டிராக்டருக்குப் பக்கத்தில் அவர் ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை நேரில் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மறு வாரமே ரிக் முதலாளிகளைக் கூட்டினார். ஊரில் பதினோரு வண்டி. ஒவ்வொரு வண்டியும் போடுகிற ஒவ்வொரு அடிக்கும் இரண்டு ரூபாய் ஆஸ்பத்திரிக்கு. அதில் ஒரு ரூபாய் முதலாளியுடையது, ஒரு ரூபாய் வண்டி ஆட்களின் படியிலிருந்து. ஒன்றரை வருடம் பதினோரு வண்டிகளும் வடக்கே பாறையைக் குடைந்துகொண்டிருக்க, இங்கே பழைய கோழித்தீவனக் குடோன் ஒன்று ஆஸ்பத்திரியாக மாறிக்கொண்டிருந்தது.

மூன்று முறை வெள்ளையடித்தோம். பினாயில் ஊற்றினோம். சாம்பிராணி போட்டோம். ஆனாலும் வெயில் ஏறினால் சுவருக்குள்ளிருந்து மக்காச்சோளமும் கருவாட்டுத்தூளும் கலந்த பழைய தீவன வாசம் மெல்லக் கிளம்பும். பூனைகள் அந்த நம்பிக்கையில் வந்தவை. எங்களைப் பார்க்க வந்த முதல் மூன்று டாக்டர்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார், ஒருவர் பூனையைப் பார்த்துவிட்டுப் போனார், ஒருவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

நான்காவதாக வந்தவர் கயல்விழி. அயோத்தியாப்பட்டணத்துக்காரர். அப்பா அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிறார். சுவரை முகர்ந்து பார்த்து, "எங்க வீட்ல எப்பவும் புளிச்ச மாவு வாசம். இது பரவால்ல" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"தினம் எத்தனை பேர் வருவாங்க?"

"சுத்துப்பட்டு இருவது ஊருங்க மேடம். நூறு பேருக்குக் கொறையாதுங்க" என்றேன். வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டேன்.

காவேரிக் கரையில் ஒரு போர்

திறப்பு விழாவில் நல்லசிவம் அரை மணி நேரம் பேசினார். டீசல் விலையில் ஆரம்பித்து மாரியம்மனில் வந்து நின்றார். வருடா வருடம் கோயில் நோம்பிக்குத் தீக்குண்டம் இறங்குகிறவர் அவர். "ரெண்டு வருசமா எனக்குச் சூடே தெரியறதில்லீங்க. ஆத்தா என்னையப் பூ மேல நடத்தறா" என்று மைக்கில் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பெருமாள் தாத்தா இருமிக்கொண்டே வந்தார். எண்பதை நெருங்கியவர், மூக்குப்பொடி போடுகிறவர். "டாக்டரம்மா, இந்த இருமலச் சித்த பாருங்க சாமி" என்றபடி வாசற்படியில் கால் வைத்தார்.

நல்லசிவம் ஓடிவந்து கையை நீட்டி மறித்தார். "நில்லுங்க நில்லுங்க. நீங்க அப்பறமா வாங்க."

டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வெளியே வந்தார். "ஏங்க தடுக்கறீங்க?"

"டாக்டரம்மா, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. புது வண்டி எறக்குனா மொத போரு எங்க போடுவோம்? தண்ணி நிச்சியமா இருக்கற எடத்துல. மொத போரு பொய்ச்சா வண்டிக்கு ராசி போயிரும். நம்ம புது வண்டிய மோகனூருக்கு ஓட்டிட்டுப் போயி காவேரிக் கரையில வெச்சு மொத போரப் போட்டம். அறுவதே அடி. தண்ணி தென்ன மர ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சுது. இன்னைக்கு வரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் நின்னதில்லீங்க."

"அந்தப் போர் யாருக்குப் போட்டீங்க?"

"யாருக்குமில்லீங்க. பக்கத்துலயே ஆறு ஓடுது. அங்க போரு எதுக்கு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன்.

"மொத நோயாளி நிச்சியமாக் கொணமாகற ஆளா இருக்கோணுமுங்க. இவரு" என்று நல்லசிவம் குரலைத் தாழ்த்தினார், "இவரு ஆயிரம் அடி வறண்ட பாறைங்க."

தாத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஆர்றா பாறை? உனக்குக் கண்ணாலம் பண்ணி வெச்சதே நானு! எனக்கே கதவடைக்கறயா?" என்று தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை அவர் இருமுவது கேட்டது. பாதி இருமல், மீதி வசவு.

இதை மூடத்தனம் என்று எழுதிவிட என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் எனக்குப் பீஸ் கட்டியதும் ஒரு வண்டியின் ராசிதான். அன்று நானும், பதினைந்து நாளில் சரியாகிவிடும் என்று மனதுக்குள் நல்லசிவம் பக்கமே இருந்தேன்.

வெள்ளைக் காரின் சேவை

பதினைந்து நாளில் சரியாகவில்லை. ஊர் முழுவதும் செய்தி பரவியிருந்தது. முதல் ஆளாகப் போனால் குழுவுக்கு ஆகாது. குழுவை மீறிப் போகிற துணிச்சல் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வரவில்லை.

வெளியூரிலிருந்து விஷயம் தெரியாமல் வந்தவர்களை நல்லசிவம் விரட்டவில்லை. தன் வெள்ளைக் காரிலேயே ஏற்றித் திருச்செங்கோட்டில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். கைச்செலவுக்கும் கொடுத்தார். இப்படிப் போனவர்கள் ஏழு பேர். சுற்றுவட்டாரத்திலேயே இவ்வளவு மரியாதையாக நோயாளிகளை வெளியே அனுப்பிய ஆஸ்பத்திரி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடலைக்காட்டு வேலைக்கு வந்த ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல். காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "தொறக்காத கடைக்கு எதுக்குடா இத்தன சீரியல் பல்பு?"

அதை ஜன்னலோரம் நின்று டாக்டர் கேட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. என்னைக் கூப்பிட்டார்.

"நூறு பேர் வருவாங்கன்னு சொன்னீங்க."

"ஆமாங்க மேடம்."

"நோயாளி வரலைன்னாக்கூட நான் இருப்பேன். வர்றவங்களையே கார்ல ஏத்தி அனுப்பறீங்களே, அதப் பாத்துட்டு எப்படி இருக்கறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். சனிக்கிழமை நான் அயோத்தியாப்பட்டணம் பஸ் ஏறிடுவேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் போனால் வேறு டாக்டர் வரமாட்டார். இது எனக்குத் தெரியும், மூன்று பேரை வழியனுப்பியவன் நான். ஆஸ்பத்திரி அனுமதியே அவர் பெயரில்தான் இருந்தது. தங்கராசு அண்ணன் இன்னொரு செய்தியும் சொன்னார். "தீவனக் கம்பெனிக்காரன் போன் பண்ணுனான். குடோனு வாடகைக்கு வருமான்னு கேக்கறான். மொகூர்த்த நாளாப் பாத்து மூட்டைய எறக்கிக்கறானாம்."

அந்தக் கேள்வியைப் பூனைகளிடம் கேட்டிருந்தால் உடனே சம்மதித்திருக்கும்.

நிச்சயமான நோய் தேடுதல்

செவ்வாய் மாலையே குழு கூடியது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நிச்சயமான நோயாளி வேண்டும். லேசான நோயாக இருக்க வேண்டும், ஆனால் நோயாகவும் இருக்க வேண்டும்.

"போஸ்ட்டாபீசுக்காரருக்குக் கழுத்துல மரு இருக்குது" என்றார் ஒருவர்.

"மரு எடுத்தா மறுக்கா வருமப்பா. வேண்டாம்."

"எனக்குக் கடைவாய்ப் பல்லு ஆடுது" என்றார் தங்கராசு.

"பல்லுக்குப் பல்லு டாக்டரு. இது கணக்குல வராது. வாய மூடு."

"நம்ம புது மாப்பிளைக்குச் சளி."

"மாமியா ஊட்டுல இருக்கற வரைக்கும் அது போவாது."

இப்படியே டீ மூன்று சுற்று வந்தது. தேறியது யாருமில்லை.

மறுநாள் புதன்கிழமை, சந்தை நாள். வடக்கே மழை பிடித்துக்கொண்டதால் நல்லசிவத்தின் இரண்டாம் வண்டி ஊர் திரும்பியது. அதில் என் அப்பா.

அப்பாவைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருடம் ரிக்கில் வேலை, ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. கம்ப்ரசர் இரைச்சலில் பாதிக் காது போனதை அவர் நோயாகச் சேர்க்கமாட்டார். "அது தொழிலு" என்பார்.

வீட்டுக்குள் வந்து பையை வைத்தார். தண்ணீர் குடித்தார். உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "ஏனுங்க! ஊடெல்லாம் ரத்தம்! காலுல என்னுங்க?"

"எங்க?" என்று அப்பா சுற்றிலும் பார்த்தார்.

சிமெண்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஒற்றைக் குதிகாலின் சிவப்பு அச்சு. காலைத் தூக்கிப் பார்த்தால் கருவேல முள், விரல்கணு நீளம், உள்ளே ஏறியிருந்தது.

"எப்பக் குத்துச்சு?"

"தெரீல. வலியே இல்ல" என்றார் அப்பா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

எனக்கும் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. உடனே தங்கராசு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, எடம் கெடச்சிருச்சுங்க" என்றேன்.

பத்து நிமிடத்தில் நல்லசிவம் டார்ச்சோடு வந்துவிட்டார். பட்டப்பகல். அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, போர் போடும் இடத்தைப் பார்ப்பதுபோலக் குதிகாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வலிக்குதா ராசு?"

"இல்லீங் மொதலாளி."

"அமுக்கறன். இப்ப?"

"இல்லீங்."

"பாத்தியா தங்கராசு! இதுதாண்டா எடம்! முள்ளப் புடுங்குனா ஆச்சு. இரும்பு மாதிரி ஒடம்பு, ரெண்டே நாள்ல ஆறிரும். மொத போரு ராசு காலுலதான்!"

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம். அதுவரை யாரும் முள்ளை எடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. அம்மா கரண்டியோடு வந்தாள். "ரெண்டு நாளைக்கு மனுசன் முள்ளோட உக்காரோணுமா? உங்க ஆசுபத்திரிக்கு எம் புருசன் காலா கெடச்சுது?"

"அம்மிணி, ஊரு நன்மைக்கு" என்றார் நல்லசிவம்.

"அப்ப உங்க காலுல ஒண்ணு குத்திக்கங்க!"

அப்பாதான் சமாதானம் செய்தார். "வலிச்சாத்தான புள்ள? உடு." இரண்டு நாள் அவர் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். முள்ளின் படம் குழுவின் வாட்ஸ்அப்பில் போனது. அறுபத்திரண்டு பேர் கும்பிடு போட்டார்கள்.

வரிசை எண் 1

வெள்ளிக்கிழமை அதே நாயனம், அதே தவில். அப்பாவை வெள்ளைக் காரில் முன் சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். அந்தக் கார் முதல்முறையாக ஆஸ்பத்திரியை நோக்கி ஒரு நோயாளியைக் கொண்டுவந்தது.

டாக்டர் வாசலுக்கு வந்தார். "முள்ளு எடுக்க மேளமா?"

"மொத போருங்க" என்றார் நல்லசிவம். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. மூலையில் அவருடைய பை கட்டித் தயாராக இருந்ததை நான் பார்த்தேன்.

பத்து ரூபாய் சீட்டு. போணிக்குக் கடன் கூடாது என்று அப்பா சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பச்சை ஒன்றுக்குப் பக்கத்தில் எழுதினேன்: ராசு, வயது 54. அப்பாவின் பெயரை ஒரு அரசாங்கப் படிவத்துக்காக இல்லாமல் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் முள்ளைத் தொடவில்லை. முதலில் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். கழற்றிவிட்டு மற்றக் கையில் சுற்றினார். மூன்றாவது முறையும் அடித்தார்.

"இருநூத்திப் பத்து" என்றார் சரோஜா அக்காவிடம்.

அப்பாவுக்கு அந்த எண் மட்டும் கேட்டது. "எரநூத்திப் பத்து அடியிலயேவா நின்னுபோச்சு?" என்றார் என்னிடம், சிரித்துக்கொண்டு.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். சர்க்கரை முந்நூற்றெண்பது.

"முந்நூத்தி எம்பதுல தண்ணி வந்தா நல்ல எடந்தானுங்க டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவைப் படுக்கவைத்து, "கண்ண மூடிக்கோங்க. உள்ளங்கால்ல நான் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக. ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டார். பெருவிரலில். நடுப் பாதத்தில். ஓரத்தில். குதிகாலில். மறு காலில் நான்கு இடங்களில்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நன்றாகப் பாடம் ஒப்பிக்கப் போகிற பையன்போல அவர் முகம் இருந்தது.

சிறிது நேரம் கழித்து, "தொடுங்க டாக்டரம்மா, நான் ரெடி" என்றார்.

வெளியே நல்லசிவம் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. உடைத்த கையோடு உள்ளே வந்தார். "ஆச்சுங்களா? முள்ளு வந்துருச்சுங்களா?"

டாக்டர் எல்லாரையும் பார்த்து நிதானமாகச் சொன்னார். சர்க்கரை ரொம்ப நாளாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. உள்ளே சீழ் கட்டத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் இப்படியே நடந்திருந்தால் காலைப் பற்றி வேறுவிதமாகப் பேச வேண்டியிருக்கும்.

"வலிக்கலைன்னா நல்லதுதானுங்களே?" என்றார் தங்கராசு.

"இல்லைங்க. வலிக்கணும்."

தவில்காரர் எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. நல்லசிவம் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் வேட்டிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் போர் பாறையில் இறங்கிவிட்டது, வண்டி ராசி போய்விட்டது என்று புலம்பப் போகிறார் என நினைத்தேன்.

அவர் மெதுவாகப் பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்தார். வெள்ளை விரிப்பு முதல்முறையாகக் கசங்கியது.

"டாக்டரம்மா" என்றார், மைக்கில் பேசுகிற குரல் இல்லாமல். "எனக்கும் ரெண்டு வருசமா குண்டத்துல சூடே தெரியறதில்லீங்க."

வரிசை எண் 2.

பாறையும் தண்ணீரும்

வரிசை எண் 3 தங்கராசு. பிறகு ரிக் முதலாளிகள் ஐந்து பேரும். அதற்குள் வண்டி ஆட்களுக்குச் செய்தி போய், முள் குத்தியும் வலிக்காதவர்கள், காலில் நட்டு போல்ட் விழுந்தும் வலிக்காதவர்கள், வலிக்கிறதா என்று பார்க்கத் தாங்களே கிள்ளிக்கொண்டவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். "மேடம், எனக்கு நல்லா வலிக்குதுங்க" என்று ஒருவன் சந்தோஷமாக அறிவித்தான். மாலைக்குள் நாற்பத்து மூன்று பேர். நூறு இல்லை. ஆனாலும் நான் சொன்ன பொய்யில் பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

பெருமாள் தாத்தா வந்து என் மேஜையில் தடியால் தட்டினார். "ஆயிரம் அடி வறண்ட பாறை வந்திருக்குதுன்னு எழுதிக்க." டாக்டர் மூக்குப்பொடியை நிறுத்தச் சொல்லி ஒரு மருந்து பாட்டில் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் இருமல் நின்றுவிட்டது. நிச்சயமான இடம் அவராகத்தான் இருந்திருக்கிறார்.

ஏழு மணிக்கு டாக்டரின் பையைப் பார்த்தேன். மூலையில் அப்படியே இருந்தது. "நாளைக்கு பஸ்ஸுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு உங்கப்பாவுக்குக் கட்டு மாத்தணும்" என்றார். "அந்தப் பூனைங்கள மொதல்ல வெளிய துரத்துங்க."

அப்பாவின் குதிகால் ஆற மூன்று மாதத்துக்குமேல் ஆனது. அந்த மூன்று மாதமும் ஊரே அவர் காலை விசாரித்தது. டீக்கடையில், சந்தையில், இழவு வீட்டில்கூட, "ராசு, காலு எப்படி?" என்றார்கள். வீட்டில் அம்மா அவர் தட்டிலிருந்து அரிசியைப் பாதியாகக் குறைத்தாள். "இத்தன வருசம் இரும்புன்னு சொல்லிச் சொல்லியே உள்ள துருப்புடிக்க உட்டுட்டீங்க" என்றாள். புண் மூடியதாக டாக்டர் சொன்ன அன்று, நல்லசிவம் வாசலில் நூற்றியோரு தேங்காய் உடைத்தார். காலில் செருப்போடு. அதைக் கழற்றக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. குண்டமும் அந்த வருடம் கிடையாது. மாரியம்மனிடம் தானே பேசிக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு கல்வெட்டு வைத்தார்கள். செலவை ரூபாயில் எழுத நான் தயாராக இருந்தேன். நல்லசிவம் விடவில்லை. "ரூவாயில எழுதுனா எவனாச்சும் கணக்குக் கேப்பான். அடியில எழுது. ஒருத்தனும் கேக்க மாட்டான்." அப்படியே செதுக்கினார்கள்: கட்டி முடிக்க ஆனது முப்பத்தொரு லட்சத்து இருபதாயிரத்து நூற்றியோரு அடி. பார்வையிட வந்த ஒரு அதிகாரி அதைப் படித்துவிட்டு, மீதி இடம் எங்கே என்று பின்பக்கம் போய்த் தேடினார்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன், சத்தமாக, இரண்டு முறை.

"இதுல நம்ம வண்டி எத்தன சாமி?"

வண்டி நோட்டுகளைக் கூட்டியவன் நான்தான். எனக்கு மனப்பாடம். "மூணு லட்சத்து ஆறாயிரம் அடிங்கப்பா."

அப்பா கல்வெட்டில் கையை வைத்துத் தடவினார். புதுச் செருப்போடு எக்கி மேல் வரியையும் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு போட்டிருக்கறன். அப்பறம் எதுக்குடா எங்கிட்டப் பத்து ரூவா வாங்குன?"

ரூபாயில் கேட்கும் வாசகர்களுக்காக: மொத்தம் அறுபத்திரண்டு லட்சத்து நாற்பதாயிரத்து இருநூற்றிரண்டு ரூபாய். என் சட்டைப்பையிலிருந்து அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்த பத்து ரூபாய் இதில் சேராது.